மத நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பண்டிகை விடுமுறை: ஒரு நடைமுறை வழிகாட்டி

நம்பிக்கையை விட்டு வந்த புதிதில் பலரையும் உறுத்துவது பெரிய தத்துவக் கேள்விகள் இல்லை, காலண்டர்தான். சிவப்பு எழுத்தில் இருக்கும் நாட்களில் பல ஏதாவது ஒரு மதத்தின் நாட்கள். அன்று வீட்டில் இருந்தால் போலித்தனமா? வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டுமா? விடுப்பு கேட்டால், ‘உங்களுக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லையே’ என்று மேனேஜர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு நாள் உழைக்கிறவருடையது. எந்த மதத்தின் பெயரில் வந்தாலும் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பொய் சொல்லாதீர்கள். மற்றவர்களுக்காக அதை வருடா வருடம் விட்டுக்கொடுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். இவற்றை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்

ஞாயிறு விடுமுறையையே பாருங்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஞாயிறன்று நீதிபதிகளும் நகரத்துத் தொழில்களும் ஓய வேண்டும் என்று ஆணையிட்டார். கிறிஸ்தவர்கள் வழிபடும் நாள் அப்படித்தான் சட்டத்துக்குள் வந்தது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வாராந்திர ஓய்வுக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஏழு நாட்களுக்குள் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, முடிந்தவரை அந்தந்த நாட்டில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ள நாளிலேயே ஓய்வு என்பது அதன் சாரம். வழிபடுகிறவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவும் ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் எல்லாருடைய உரிமை என்கிறது.

நீதிமன்றங்களும் இந்த வழியில்தான் யோசித்திருக்கின்றன. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985இல் ஞாயிறு வியாபாரத்தைத் தடுத்த பழைய சட்டத்தை ரத்து செய்தது. ஒரு மதத்தின் ஓய்வு நாளை எல்லார் மேலும் திணிப்பதே அதன் நோக்கம் என்று காரணம் சொன்னது. அடுத்த ஆண்டே, கடைத் தொழிலாளர்களுக்கு ஒரு பொது ஓய்வு நாள் வேண்டும் என்ற நோக்கத்தில் வந்த இன்னொரு ஞாயிறு மூடல் சட்டத்தை அதே நீதிமன்றம் செல்லும் என்றது. கிழமை மாறவில்லை, நோக்கம்தான் வேறு. உங்கள் விடுமுறையையும் நீங்கள் இப்படிப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மத நாட்களை அடியோடு ஒழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்துவந்த ஓய்வு பத்து நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. 1806 பிறந்தபோது பழைய காலண்டரே திரும்பிவந்துவிட்டது. சோவியத் ஒன்றியம் 1929இல் ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது. ஆலைகள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு நாளில் ஓய்வு கொடுத்தார்கள். கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், நண்பர்களுக்கு இன்னொரு நாள் என்று ஆகிவிட்டது. 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பின. ஓய்வு மட்டும் இருந்தால் போதாது, எல்லாரும் சேர்ந்து ஓய்வெடுக்கும் நாளும் மனிதர்களுக்கு வேண்டும். பண்டிகை நாட்கள் நமக்குத் தருகிற பெரிய பயன் அதுதான் என்பது என் எண்ணம். அந்தப் பயனை அனுபவிக்க நம்பிக்கை தேவையில்லை.

எந்த வகை விடுமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பண்டிகை நாள் என்றால் எல்லாம் ஒரே வகை என்று நினைத்துக்கொண்டு பேசப் போனால் பேச்சு முதல் நிமிடத்திலேயே முட்டிக்கொள்ளும்.

பொது விடுமுறை என்றால் அலுவலகமே மூடியிருக்கும், நீங்கள் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இதிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் பண்டிகை நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பள விடுப்பு உண்டு. பொது விடுமுறை நாட்களை அந்தக் கணக்குக்குள்ளேயே நிறுவனம் சேர்த்துக்கொள்ளலாம். பண்டிகைக் காலத்தில் அலுவலகத்தை மூடிவிட்டு அந்த நாட்களை உங்கள் விடுப்பிலிருந்து கழிக்கவும் செய்யலாம். அதற்கு எத்தனை நாள் விடுப்போ அதைப் போல இரண்டு மடங்கு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் ஆண்டுக் கடைசியில் விடுப்புக் கணக்கைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது வகை விருப்ப விடுமுறை. ஒரு பட்டியல் தருவார்கள், அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்கள் இப்படி ஆண்டுக்கு இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியலில் உள்ள நாள் உங்கள் மதத்தின் நாளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே இந்த இரண்டையும் வீணாக்காமல், உங்களுக்குத் தோதான வாரத்தில் விழும் நாளாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது, நாளை மாற்றிக்கொள்ளும் வசதி. சிங்கப்பூரில் நிறுவனமும் ஊழியரும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக வேறொரு வேலை நாளை விடுமுறையாக வைத்துக்கொள்ளலாம். மத நம்பிக்கை இல்லாதவருக்கு இதைவிட உகந்த ஏற்பாடு இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்திலோ நிறுவன விதியிலோ இப்படி ஒன்று இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்டு வையுங்கள்.

கடைசி வகை, மதக் கடமைக்காகத் தரும் சலுகை. வழிபாட்டு நேரம், நோன்பு, மதம் வேலை செய்யக்கூடாது என்று சொல்லும் நாள் போன்றவற்றுக்காக நிறுவனம் வேலை நேரத்தை அனுசரித்துக் கொடுப்பது. இது உங்களுக்கானது இல்லை. இதைப் பார்த்துக் கோபப்படவும் வேண்டாம், இதற்குள் நுழைந்துகொள்ளவும் வேண்டாம்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து யோசியுங்கள்

விடுமுறைப் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, அன்று நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். சில நாட்களில் குடும்பம் கூடும், அங்கே இருக்க ஆசைப்படுவீர்கள். சில நாட்களில் தூங்கினால் போதும் என்று இருக்கும். சில நாட்கள் உங்களுக்கு வேறு எந்த நாளையும் போலத்தான். அவற்றில் வேலைக்கு வரத் தயங்க மாட்டீர்கள். பட்டியலில் இல்லாமல் உங்களுக்கு முக்கியமான நாட்களும் இருக்கும். பிறந்தநாள், நெருங்கியவர் இறந்த நாள், பிள்ளையின் பள்ளி நாள் எல்லாம் இதில் வரும்.

வேலைக்கு வரத் தயங்காத நாட்கள்தான் உங்கள் கையிருப்பு. அவற்றை மற்றவர்களுக்குக் கொடுத்து உங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். எது கையிருப்பு, எது கொடுக்க முடியாதது என்று தெரியாமல் இருந்தால், யாராவது கேட்கும்போது சங்கடத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

விடுப்பு கேட்கும்போது

சேர்த்து வைத்த ஆண்டு விடுப்புக்குப் பெரும்பாலும் காரணமே தேவையில்லை. தேதியும் வேலை நிலவரமும் சொன்னால் போதும்: ‘மார்ச் 12 முதல் 14 வரை ஆண்டு விடுப்பு வேண்டும். கையில் உள்ள வேலையை 11ஆம் தேதிக்குள் முடித்து ஒப்படைத்துவிடுகிறேன்.’ பண்டிகை என்றும் எழுத வேண்டாம், பண்டிகை இல்லை என்றும் எழுத வேண்டாம். நம்பிக்கை இல்லாததை அலுவலகத்தில் அறிவித்தே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், ஆனால் விடுப்பு விண்ணப்பம் அதற்கான இடம் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மதக் கடமை என்று பொய்க் காரணம் காட்டி விடுப்பு வாங்காதீர்கள். ஒருமுறை சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சலுகை பல சிறுபான்மையினர் கேட்டுக் கேட்டு, வழக்காடி, சிரமப்பட்டு வாங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல், ஞாயிறன்று வேலை செய்ய மறுத்த ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில், கணிசமான கூடுதல் செலவு வந்தால்தான் மதச் சலுகையை நிறுவனம் மறுக்கலாம் என்று சொன்னது. அதற்கு முன் 1977இலிருந்து, அற்பமான செலவைக் காட்டியே மறுத்துவிடலாம் என்பதுதான் நடைமுறை. இவ்வளவு காலம் காத்திருந்து வந்த ஒன்றில் பொய்யர்கள் புகுந்தால், உண்மையாகவே கேட்கிறவர்களிடம்தான் அடுத்த முறை சான்று கேட்பார்கள். உங்கள் நேர்மைக்கும் அது இழுக்கு.

‘உனக்குத்தான் பண்டிகை இல்லையே’

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மருத்துவமனை, விமான நிலையம், கால் சென்டர், பாதுகாப்புப் பணி, சர்வர் பராமரிப்பு என்று ஒரு நாளும் மூட முடியாத இடங்கள் நிறைய. அங்கே ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், போடுகிறவருக்கு, நம்பிக்கை இல்லாத ஒருவர் டீமில் இருப்பது தெரிந்தால் எல்லாப் பண்டிகைக்கும் அவர் பெயரைப் போட்டுவிடத் தோன்றும். குழந்தை இல்லாதவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் இதே கதிதான். கெட்ட எண்ணத்தில் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சுலபமான வழி என்று செய்கிறார்கள். நீங்கள் முதல் வருடம் மனமுவந்து வந்தது மூன்றாவது வருடம் உங்கள் கடமை ஆகிவிடும்.

ஆகவே முதல் முறை ஒப்புக்கொள்ளும்போதே பதிலுக்கு வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ‘அன்று நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் அடுத்த மாதம் 20, 21 தேதிகளில் எனக்கு விடுப்பு வேண்டும்’ என்று கேட்பதில் தவறே இல்லை. சக ஊழியரிடம் நேரில் பேசிய பிறகு மேனேஜருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். வாய்வார்த்தையாக நின்ற ஷிஃப்ட் மாற்றங்கள் ரோஸ்டர் மாறும்போது மறந்துபோகும்.

அப்புறம் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பண்டிகை நாளில் வேலை செய்தீர்கள், அதற்கு ஈடு விடுப்போ கூடுதல் சம்பளமோ கிடைத்ததா என்று தேதியோடு எழுதி வையுங்கள். பேச வேண்டிய நேரத்தில் அது உதவும். ‘எப்பவும் என்னையே போடுறீங்க’ என்று சொன்னால் மேனேஜர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். ‘போன வருடம் மூன்று பெரிய விடுமுறையிலும் நான் வந்தேன். இந்த வருடம் இரண்டில் வரத் தயார். மூன்றாவதில் எனக்கு விடுப்பு வேண்டும்’ என்று சொன்னால் அவர் யோசிக்க வேண்டியது ரோஸ்டரைப் பற்றி மட்டும்தான்.

பண்டிகை நாள் வேலைக்குக் கூடுதல் சம்பளம் தரும் இடங்களில், அதற்காகவே விரும்பி வருகிறவர்களும் இருப்பார்கள். எல்லா நாட்களையும் நீங்களே எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு வாய்ப்புப் போகும். சுழற்சி முறைதான் எல்லாருக்கும் நியாயம்.

சக ஊழியர்மேல் விழும் பாரத்தைச் சட்டமும் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், தங்கள் மதம் ஓய்வு நாளாகச் சொல்லும் நாளில் வேலை செய்ய மறுக்கும் உரிமையை எந்த விலக்கும் இல்லாமல் தந்த சட்டம் ஒன்று இருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிறுவனத்தின் சிரமத்தையும் மற்ற ஊழியர்களின் நிலையையும் அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதே முக்கியக் காரணம்.

சமத்துவம் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம்

ஆஸ்திரியாவில் நடந்ததை ஒவ்வொரு மதச்சார்பற்றவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே புனித வெள்ளி, நான்கு குறிப்பிட்ட திருச்சபைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சம்பள விடுமுறையாக இருந்தது. அன்று வேலை செய்தால் அவர்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. ஒரு துப்பறியும் நிறுவனத்தில் வேலை செய்த, அந்தத் திருச்சபைகள் எதிலும் சேராத ஒருவர் வழக்குப் போட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஜனவரியில், இது மத அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் திருத்தப்படும்வரை கேட்கிற மற்ற ஊழியர்களுக்கும் அதே உரிமை தர வேண்டும் என்றும் சொன்னது.

அதன்பின் அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாருக்கும் ஒரு நாளைக் கூட்டித் தரவில்லை. அந்த விடுமுறையையே எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு நாளை ஊழியர் தானே தேர்ந்தெடுக்கலாம், மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்தது. அந்த நாள் கழிவதோ ஏற்கெனவே உள்ள ஆண்டு விடுப்பிலிருந்து. சமத்துவம் வந்தது, ஆனால் சிலர் வைத்திருந்த ஒரு நாள் போயிற்று.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ‘அவர்களுக்கு ஏன்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எல்லாருக்கும் காரணம் கேட்காமல் இரண்டு நாள்’ என்று கேளுங்கள். மதம் உள்ளவர் தன் பண்டிகைக்கு எடுக்கட்டும், இல்லாதவர் தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு எடுக்கட்டும். பட்டியலில் இடம்பெறாத சிறிய மதத்தினரும் இதில் உங்களோடு நிற்பார்கள். தனியாகக் கேட்காமல் அவர்களோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.

அலுவலகக் கொண்டாட்டங்கள்

யாராவது பண்டிகை வாழ்த்துச் சொன்னால், ‘நன்றி, உங்களுக்கும் நல்ல நாளாக அமையட்டும்’ என்று சொன்னால் போதும். வாழ்த்துகிறவர் உங்கள் நம்பிக்கையைச் சோதிக்கவில்லை, அன்பைத்தான் காட்டுகிறார். அந்த நேரத்தில் கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சை எடுப்பது அவரைக் காயப்படுத்தும்.

சாப்பாடு, அலங்காரம், பரிசுப் பரிமாற்றம் போன்றவற்றில் மனம் ஒப்பினால் கலந்துகொள்ளுங்கள். வழிபாட்டில் பங்கெடுக்கச் சொன்னால் மறுக்கலாம். ‘நான் வழிபாட்டில் கலந்துகொள்வதில்லை, முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்கிறேன்’ என்று முந்தைய நாளே ஏற்பாடு செய்கிறவரிடம் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் யாருக்கும் சங்கடம் இருக்காது. வசூலுக்கு வந்தால், எதற்கான பணம் என்று கேளுங்கள். எல்லாரும் சாப்பிடுவதற்கு என்றால் கொடுங்கள். வழிபாட்டுச் செலவு என்றால் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தது என்றால் சாப்பாட்டுப் பங்கை மட்டும் தருவதாகச் சொல்லலாம்.

வீட்டில்

அலுவலகத்தைவிட வீடு கடினம். அங்கே விதிப்புத்தகம் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை நன்றாகப் பயன்படும் வழி ஒன்றுதான்: என்ன செய்ய மாட்டீர்கள் என்பதோடு என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘அப்பா, பிரார்த்தனையில் நிற்க மாட்டேன். ஆனால் காலையிலேயே வந்துவிடுவேன், சமையலும் வருகிறவர்களைக் கவனிப்பதும் என் பொறுப்பு’ என்று சொல்லும்போது, பிள்ளை நம்மை விட்டுப் போய்விடவில்லை என்பது அவர்களுக்குப் புரியும். இந்தப் பேச்சைப் பண்டிகையன்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே, வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். முதல் வருடமே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம்.

சில குடும்பங்களில் நம்பிக்கை இல்லை என்று சொல்வதே ஆபத்து. அடி, வீட்டை விட்டுத் துரத்துவது, படிப்பை நிறுத்துவது என்று போகக்கூடிய இடத்தில் வெளிப்படையாக இருக்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் அமைதியாகக் கலந்துகொள்வது போலித்தனம் ஆகாது. அலுவலகத்தில் அந்த நாளுக்கு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்வது பலருக்குக் கைகொடுத்த வழி.

உங்களுக்கென்று சில நாட்கள்

மத நாட்களை விட்ட பிறகு வருடம் வெறுமையாகத் தோன்றுவதாகச் சிலர் சொல்வார்கள். மதம் சாராத மனிதநேயக் கொள்கையினர் ஜூன் 21ஐ உலக மனிதநேய நாளாகக் கொண்டாடுகிறார்கள். டார்வினின் பிறந்தநாளான பிப்ரவரி 12ஐ அறிவியல் ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள். மே 1 பல நாடுகளில் ஏற்கெனவே விடுமுறை, எந்த மதத்தையும் சேராதது. இவற்றில் ஒன்று பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நண்பர்களோடு ஆண்டுதோறும் கூடும் ஒரு நாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுப்பில் பதிந்துவிடுங்கள்.

பேசியும் பலிக்காவிட்டால்

மத நம்பிக்கை இல்லாததையும் பல நாடுகளின் சட்டம் பாதுகாக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், மதம் என்று சொல்லும் இடத்தில் மதம் இல்லாமையும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதியும் நம்பிக்கை இல்லாதவர்களை உள்ளடக்கியது. நம்பிக்கை இல்லை என்பதற்காகவே எல்லா விடுமுறை ஷிஃப்டும் உங்கள் தலையில் விழுந்தாலோ, வழிபாட்டில் நிற்க மறுத்ததற்காகப் பதவி உயர்வு போனாலோ அது புகார் செய்யக்கூடிய விஷயம்.

முதலில் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் எச்.ஆர்., பிறகு தொழிற்சங்கம், அதன் பின்தான் அரசு அமைப்பு. பழைய ரோஸ்டர்கள், மின்னஞ்சல்கள், உங்கள் குறிப்பேடு மூன்றையும் அலுவலகக் கணினிக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருங்கள். நிறுவனத்தின் ரகசியத் தகவல் எதுவும் அதில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலக்கெடுவையும் ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். பாகுபாட்டைத் தடுக்கத் தனி அமைப்பு உள்ள மாநிலங்களில் அது 300 நாள் வரை நீளும். எச்.ஆரின் உள் விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் அந்தக் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது.